ஓரத்தில் படிந்த ஊதா

ஸ்ரீலக்ஷ்மியிடம் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் "லென்ஸ் டிசைன்" என்பாள். மயிலாப்பூர் சித்திரக்குளத்துக்குப் பக்கத்தில் அவள் குடியிருக்கும் அடுக்குமாடியில் பாதிப் பேர் அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் அதை மறுக்கவில்லை. மறுத்தால் விளக்க வேண்டும், விளக்கினால் கேட்டவர் முகம் வாடிவிடும்.

ஏழு வயதிலேயே கனமான கண்ணாடி போட்டவள். கண்ணாடியின் ஓரத்தால் பார்த்தால் டியூப்லைட்டுக்கு ஒரு பக்கம் நீலக் கரையும் மறுபக்கம் மஞ்சள் கரையும் இருக்கும். லஸ் கடைவீதியில் கண்ணாடி மாட்டிக் கொடுத்தவரிடம் இதைச் சொன்னபோது, "நேரா பாரும்மா, சரியாயிடும்" என்றார். பிறகு இயற்பியல் படித்தாள். நீல ஒளி கண்ணாடியில் அதிகமாக வளையும், சிவப்பு குறைவாக வளையும், அதனால் ஒற்றை லென்ஸ் ஒவ்வொரு நிறத்தையும் ஒவ்வொரு இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று தெரிந்துகொண்டாள். இரண்டு வேறு வகைக் கண்ணாடிகளைச் சரியான வளைவில் சேர்த்துவைத்தால் ஒன்று பிரித்த நிறங்களை மற்றது கூட்டிவைக்கும் என்பதும் தெரிந்தது. அந்தச் சரியான வளைவைக் கண்டுபிடிப்பதே அவளுக்கு இருபத்தாறு வருடப் பிழைப்பானது. ஐம்பத்தொரு வயதில், அடையாறு இந்திரா நகரில் இருக்கும் ஒரு சிறு நிறுவனத்தில் ஒளியியல் பிரிவின் தலைவியாக இருந்தாள். அந்தத் துறையில் அவளுக்கு நல்ல பெயர். கறாரானவள், குறையோடு எதையும் வெளியே விடமாட்டாள் என்பார்கள்.

இங்கே சொல்லப்போவது அவள் குறையோடு வெளியே விட்ட ஒரு பொருளைப் பற்றி.

அது கையில் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு ஒரு கேமரா. சர்க்கரை நோய் உள்ளவர்களின் விழித்திரையைப் படம் எடுப்பதற்கானது. பெரிய மருத்துவமனைகளில் மேஜையளவு இருக்கும் கருவியைச் சுருக்கி, குப்பத்துக்கும் கிராமத்துக்கும் எடுத்துப்போகும்படி செய்திருந்தார்கள். முகாமில் ஒரு சுகாதாரப் பணியாளர் படம் எடுப்பார். மருத்துவர் வேறெங்கோ உட்கார்ந்து அதைப் பார்த்து, விழித்திரையில் ரத்தக்கசிவு இருக்கிறதா இல்லையா என்று எழுதுவார். சர்க்கரை கண்ணைத் தாக்கத் தொடங்குவது பெரும்பாலும் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகளாகத்தான். அந்தப் புள்ளிகளைப் பிடித்துவிட்டால் பார்வையைக் காப்பாற்றலாம்.

ஸ்ரீலக்ஷ்மியின் வடிவமைப்பில் தேவைப்பட்ட ஒரு வகைக் கண்ணாடியைத் தயாரிப்பாளர் நிறுத்திவிட்டார். அதற்கு நிகர் என்று சொல்லி வேறொன்றை அனுப்பினார்கள். கிட்டத்தட்ட நிகர்தான். படத்தின் நடுப்பகுதி துல்லியமாக வந்தது. ஓரங்களில் மட்டும் ஒவ்வொரு ரத்தக்குழாயின் பக்கத்திலும் மெல்லிய ஊதாக் கரை படிந்தது. வளைவுகளை முதலிலிருந்து மறுபடி கணக்கிட்டு, புதிய லென்ஸ்களைத் தேய்த்து எடுக்க ஐந்து மாதம் ஆகும். முகாம்களின் தேதி குறித்தாகிவிட்டது. நிறுவனத்தின் தலைவர் மாணிக்கவாசகம் தினமும் ஒரு தடவை அவளுடைய அறைக் கதவருகே வந்து நின்றுவிட்டுப் போனார். எதுவும் கேட்கமாட்டார். நிற்பார், அவ்வளவுதான்.

மறுபடி ஐந்து மாதம் வேண்டும் என்று சொல்ல ஸ்ரீலக்ஷ்மிக்கு வாய் வரவில்லை. நிகர் என்று வந்த கண்ணாடியைச் சோதித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டவள் அவள்தான்.

மென்பொருள் எழுதும் ஸஹானாவைக் கூப்பிட்டாள். ஸஹானாவுக்கு முப்பது வயது, அளந்து பேசுகிற பெண்.

"ஓரத்துல வர்ற இந்த நிறத்தை நீ படத்துலயே எடுத்துடு. சின்னதா நிறம் மாறி எங்கெல்லாம் வருதோ, அக்கம்பக்கத்து நிறத்தை வெச்சு அதை நிரப்பிடு."

இரண்டு வாரத்தில் வேலை முடிந்தது. படம் அழகாக இருந்தது. கொடுத்துவிட்டு ஸஹானா போகாமல் நின்றாள்.

"மேடம், இது ஊதா எது, வேற நிறம் எதுன்னு பிரிச்சுப் பாக்காது. சின்னதா இருந்தாலே அழிச்சிடும். ஓரத்துல நிஜமாவே புள்ளி இருந்தா?"

"டாக்டர்கள் முக்கியமா பாக்கிறது நடுப்பகுதியைத்தான்."

"ஒரு தடவை நோயாளிங்க படத்துல போட்டுப் பாத்துடலாமா?"

"ஸஹானா, நேரமில்லம்மா."

ஸஹானா தலையை ஆட்டிவிட்டுப் போனாள். ஸ்ரீலக்ஷ்மி அந்தத் தலையாட்டலைப் பார்த்தாள், திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். கேமரா வெளியே போனது.

அடுத்த மாதம் தி.நகரில் ஒரு பொறியாளர் சங்கக் கூட்டத்தில் அவளைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். நூறு மாணவர்கள் இருக்கும். "நிறப்பிழையைக் கண்ணாடியில திருத்தணும். கணினியில திருத்தினா அது வெறும் பூச்சு" என்றாள். பல வருடமாக எல்லா மேடையிலும் அவள் சொல்லிவந்த வாக்கியம், பழக்கத்தில் தானாக வந்துவிட்டது. கைதட்டினார்கள். மூன்றாவது வரிசையில் ஸஹானா உட்கார்ந்திருந்தாள். அவள் கைதட்டவில்லை. மடியில் இருந்த பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

எட்டு மாதம் கழித்து ஃபராஸ் பேசினார். ராயப்பேட்டையில் ஓர் அறக்கட்டளைக் கண் மருத்துவமனையில் டாக்டர். முகாம்களில் எடுத்த படங்களையெல்லாம் பார்த்து முடிவு எழுதியவர் அவர்தான்.

"மேடம், ஊரூர் குப்பத்துல ஒரு அம்மா. ஆரோக்கியமேரின்னு பேரு, அம்பத்தெட்டு வயசு. நம்ம முகாம்ல பாத்து கண்ணு நல்லாருக்குன்னு நான்தான் எழுதினேன். இப்ப வலது கண்ணுக்குள்ள ரத்தம் கொட்டி வந்திருக்காங்க. இடது கண்ணுலயும் ஆரம்பம். பழைய படத்தை நாலு தடவை பாத்துட்டேன். சுத்தமா இருக்கு. எட்டு மாசத்துல இவ்வளவு தூரம் போகாது. நான் எதையோ விட்டிருக்கேன். எதை விட்டேன்னு எனக்குப் புரியல. நீங்க பாத்துச் சொல்ல முடியுமா?"

"பாத்துட்டுச் சொல்றேன் டாக்டர்."

கேமரா, திருத்திய படத்தோடு திருத்தாத மூலப்படத்தையும் சேமித்துவைக்கும். மருத்துவர்களுக்குத் திருத்திய படம் மட்டுமே போகும். ஸ்ரீலக்ஷ்மி மூலப்படத்தைத் திறந்தாள். ஓரங்களில் ஊதாக் கரை அசிங்கமாக இருந்தது. அந்தக் கரைகளுக்கு நடுவே, மேல்பக்கமாக, ஏழு சிவப்புப் புள்ளிகள் இருந்தன. திருத்திய படத்தைப் பக்கத்தில் வைத்தாள். அதே இடத்தில் ஒன்றுகூட இல்லை. ஒரே சீரான ஆரஞ்சு நிறம்.

இதைக் கண்டுபிடிக்க அவளுக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். அதற்கப்புறம் ஃபராஸுக்கு ஒரு வரி எழுதினாள்: "நீங்கள் பார்த்த படத்தில் குறை எதுவும் தெரியவில்லை." எழுத்துக்கு எழுத்து உண்மையான வாக்கியம் அது. அனுப்பியதும் கழிப்பறைக்குப் போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள், ஏன் கழுவுகிறோம் என்று தெரியாமலே.

ஒன்பது நாள் யாரிடமும் சொல்லவில்லை. அலுவலகத்துக்குப் போனாள், வந்தாள். ஸஹானா எதிரில் வந்தால் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். மனதுக்குள் வாதாடிக்கொண்டே இருந்தாள். அந்த அம்மா மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டிருப்பாளா? முகாமுக்கு அப்புறம் மறுபடி பரிசோதனைக்கு வந்திருக்கக்கூடாதா? இப்படி ஒவ்வொரு கேள்வியாகக் கிளப்புவாள். கிளப்பிய வேகத்திலேயே தன் மேல் அருவருப்பு வரும்.

ஐந்தாம் நாள் மதியம் அலுவலகத்திலிருந்து ஆட்டோ பிடித்து பெசன்ட் நகருக்குப் போனாள். குப்பத்துப் பக்கம் வரிசையாகப் பெண்கள் மீன் விற்றுக்கொண்டிருந்தார்கள். ஆரோக்கியமேரி யார் என்று கேட்டாள், காட்டினார்கள். ஒல்லியான பெண். வலது கண்ணில் பச்சைத் துணி மறைப்பு. பக்கத்தில் மருமகள் வசந்தி அரிவாள்மணையில் மீன் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

ஸ்ரீலக்ஷ்மி எதிரில் போய் நின்றாள். சொல்லிவிடலாம் என்றுதான் வந்திருந்தாள்.

"இன்னாம்மா வேணும்?" ஆரோக்கியமேரி தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, நல்ல கண்ணை அவள் பக்கம் கொண்டுவந்து பார்த்தாள். "வஞ்சிரம் கீது, சங்கரா கீது. காலைல வந்தது."

"வஞ்சிரம்" என்றாள் ஸ்ரீலக்ஷ்மி.

"துண்டு போடட்டுமா, முழுசா எடுத்துக்கிறியா?"

"எப்படின்னாலும் சரி."

ஆரோக்கியமேரி சிரித்தாள். "புச்சா சமைக்கிறியா? வசந்தி, கொயம்புக்குப் போட்டுக் குடு."

வாழ்நாளில் மீனைக் கையால் தொடாதவள் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு மயிலாப்பூர் வந்தாள். குடியிருப்பு வாசலில் இருந்த காவலாளியிடம் கொடுத்து, ஆபீஸில் ஒரு தோழி கொடுத்தாள், எங்கள் வீட்டில் சாப்பிடமாட்டோம் என்றாள். அவர் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு, தோழிக்கும் சேர்த்து நன்றி சொன்னார். லிஃப்டில் ஏறியதும் ஸ்ரீலக்ஷ்மி கண்ணாடியைப் பார்க்காமல் கதவைப் பார்த்து நின்றாள். புடவையிலிருந்து மீன் வாசம் வந்தது.

ஒன்பதாம் நாள் காலை காபி குடிக்கும்போது கணவன் கிரீஷ் கேட்டார், "ஏன் ஒரு வாரமா என்னமோ மாதிரி இருக்கே? ஆபீஸ்ல ஏதாவது பிரச்சினையா?"

சொன்னாள். லென்ஸ், ஊதாக் கரை, ஸஹானா கேட்ட கேள்வி, ஃபராஸுக்கு எழுதிய வரி, வஞ்சிரம் எல்லாவற்றையும் சொன்னாள். கிரீஷ் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நீ வேணும்னு பண்ணலையே ஸ்ரீ."

"வேணும்னுதான் பண்ணினேன். அந்தப் பொண்ணு கேட்டாளே. கேட்டப்பவே எனக்குத் தெரியும். பாத்தா ஏதாவது இருந்துடப் போறதேன்னுதான் பாக்கலை."

கிரீஷுக்கு அவளைச் சமாதானப்படுத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கே சொல்லிடு" என்று மட்டும் சொன்னார்.

மாணிக்கவாசகத்தின் அறையில் ஸஹானாவையும் வரச்சொல்லி, இரண்டு படங்களையும் பெரிய திரையில் போட்டுக் காட்டினாள். மாணிக்கவாசகம் கெட்ட மனிதர் இல்லை. நாற்பது பேருக்கு வேலை கொடுத்து நடத்துகிறவர், பயந்துபோய்விட்டார்.

"அப்ப இது சாஃப்ட்வேர் பிழை" என்றார் மெதுவாக. "அப்படித்தானே? அடுத்த அப்டேட்ல அந்தத் திருத்தத்தை எடுத்துட்டா முடிஞ்சுது. எல்லாக் கம்பெனிலயும் சாஃப்ட்வேர்ல பிழை வரத்தான் செய்யும். லென்ஸ்னு ஆரம்பிச்சா மொத்தமும் திரும்பி வரும்."

சாஃப்ட்வேர் பிழை என்றால் ஸஹானாவின் பிழை. ஸஹானா யாரையும் பார்க்காமல் மேஜையில் இருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்ரீலக்ஷ்மி உடனே பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. நாலைந்து நொடி இருக்கும், அந்த வார்த்தைக்குள் போய் ஒளிந்துகொள்ள அவளுக்கு ஆசையாக இருந்தது. இத்தனைக்கும் பிறகு அப்படி ஓர் ஆசை தனக்கு வந்ததைத்தான் பின்னால் அவளால் சகிக்க முடியவில்லை. லென்ஸைவிட, மீனைவிட, அந்த நாலு நொடிதான் அவளைப் பிடுங்கியது.

"இல்ல சார்," என்றாள் கடைசியில். "லென்ஸ்ல பிழை. அதை மறைக்கச் சொன்னது நான். ஸஹானா நோயாளிங்க படத்துல போட்டுப் பாக்கலாம்னு கேட்டா. நான்தான் வேண்டாம்னேன்."

ஸஹானா நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் நன்றி எதுவும் இல்லை.

அன்று மதியம் ஃபராஸுக்குப் போன் செய்தாள். அவர் முழுக்கக் கேட்டார்.

"ஒன்பது நாளா நான் சரியாத் தூங்கல மேடம்" என்றார். "கண் டாக்டர் வேலையே எனக்கு வேண்டாம்னுகூட வீட்ல பேசினேன்."

"தெரியும் டாக்டர். அதாவது, தெரிஞ்சிருக்கணும்."

"சரி. எல்லா மூலப்படத்தையும் திருப்பிப் பாக்கணும். இன்னிக்கே ஆரம்பிங்க." அதற்கு மேல் பேசாமல் வைத்துவிட்டார்.

முகாம் நடத்திய எல்லா மருத்துவர்களுக்கும் ஸ்ரீலக்ஷ்மி தன் பெயரில் கடிதம் எழுதினாள். என்ன கண்ணாடி, என்ன பிழை, யார் மறைக்கச் சொன்னது, யார் கேள்வி கேட்டது எல்லாம் அதில் இருந்தது. மாணிக்கவாசகம் இரண்டு வரியை எடுக்கச் சொன்னார், அவள் எடுக்கவில்லை. கேமராக்கள் எல்லாம் திரும்பி வந்தன. பத்தொன்பது முகாம்கள், மூவாயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் பேரின் படங்கள். அவளும் ஸஹானாவும் ஃபராஸின் மருத்துவமனையில் மூன்று வாரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். நாற்பத்தாறு பேரை மறுபடி கூப்பிட வேண்டியிருந்தது. முப்பத்தெட்டுப் பேர் வந்தார்கள். பெரும்பாலோருக்கு லேசர் சிகிச்சையோடு போயிற்று. நாலு பேருக்குத் தாமதமாகிவிட்டிருந்தது. மீதி எட்டுப் பேர் வீடு மாறியோ எண் மாறியோ போய்விட்டார்கள். அவர்களைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. பாலவாக்கத்தில் ஒரு முகவரிக்கு ஸ்ரீலக்ஷ்மியே மூன்று தடவை போனாள். பூட்டிய கதவுதான்.

ஆரோக்கியமேரியின் வீட்டுக்குப் போனது அந்த மூன்று வாரத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை. சந்து குறுகலானது. வாசலில் வலை காய்ந்துகொண்டிருந்தது. கோயிலுக்குப் போய்விட்டு வந்து ஆரோக்கியமேரி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"நான் ஸ்ரீலக்ஷ்மி. உங்க கண்ணைப் படம் எடுத்தாங்களே, அந்தக் கேமராவோட லென்ஸைச் செஞ்சது நான்தான்."

ஆரோக்கியமேரி தலையைச் சாய்த்தாள். "இந்தக் கொரல் நான் கேட்ட கொரலு. நீ அன்னிக்கு வஞ்சிரம் வாங்கினு போன அம்மா இல்ல?"

"ஆமாம்."

உட்காரச் சொன்னார்கள். அவள் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள், அலுவலக வார்த்தை ஒன்றுகூட இல்லாமல். கண்ணுக்குள் புள்ளி இருந்தது, படத்தில் அது விழுந்தது, நான் அதை அழிக்கும்படி செய்துவைத்தேன், டாக்டர் பார்த்தபோது அங்கே எதுவும் இல்லை.

"அப்போ மிஷினு பொய் சொல்லிக்கீது" என்றாள் ஆரோக்கியமேரி.

"மிஷின் இல்லம்மா. நான்தான்."

வசந்தி உள்ளேயிருந்து வந்தாள். "எங்க அத்த முப்பது வருசமா மீன் அரிஞ்சவங்க. இப்ப ரெண்டு தபா கைய வெட்டிக்கினாங்க. அதான் நான் உக்காந்துகினு கீறேன். நீ இன்னாத்துக்கு இப்ப வந்த? கேசு கீசு போட்டுடப் போறோம்னா?"

"போடறதுன்னா போடுங்க. டாக்டர்கிட்ட எல்லாம் எழுதிக் கொடுத்திருக்கேன்."

"சும்மா இருடி" என்றாள் ஆரோக்கியமேரி. ஸ்ரீலக்ஷ்மியின் பக்கம் திரும்பினாள். "அன்னிக்கு எம்முன்னாடி வந்து நின்னியே, அப்பவே இதெல்லாம் உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சிகினுதான் மீன வாங்கினு பேசாமப் போனியா?"

ஸ்ரீலக்ஷ்மி தலையை ஆட்டினாள். அது ஆரோக்கியமேரிக்குத் தெரிந்ததோ இல்லையோ என்று தோன்றவே, "ஆமாம்" என்றாள்.

"மிஷினு கெட்டுப்போறது சகஜம். எங்க போட்டு இன்ஜின் எத்தினி தபா நடுக்கடல்ல நின்னிருக்கு. அதுக்கு இன்னா பண்றது. ஆனா நீ அன்னிக்கு..." அவள் முடிக்கவில்லை. கண் மறைப்பைச் சரிசெய்துகொண்டாள். "மீனு நல்லாருந்துச்சான்னுகூட நாலு நாளு நெனச்சினு இருந்தேன், புச்சா சமைக்கிற பொண்ணாச்சேன்னு."

ஸ்ரீலக்ஷ்மிக்கு அழுகை வந்துவிட்டது. ஆரோக்கியமேரிக்கு அது பிடிக்கவில்லை.

"இங்க நின்னு அழாத. அக்கம்பக்கம் இன்னான்னு கேக்கும். மாசா மாசம் கண்ணுல ஊசி போடணும்னு டாக்டரு சொல்லிக்கீறாரு. வசந்தி வந்தா யாவாரம் போவும். நீ வந்து இட்டுனு போ. அத்தச் செய்யி."

அப்படித்தான் அது ஆரம்பித்தது. மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை ஸ்ரீலக்ஷ்மி குப்பத்துக்குப் போய் ஆரோக்கியமேரியை ஆட்டோவில் ராயப்பேட்டைக்கு அழைத்துப்போவாள். வழியெல்லாம் ஆரோக்கியமேரி ஆட்டோ ஓட்டுகிறவரிடம்தான் பேசுவாள். எந்தக் கடலில் இப்போது என்ன மீன், மெட்ரோவுக்காக எங்கே தோண்டியிருக்கிறார்கள், இதெல்லாம். ஸ்ரீலக்ஷ்மியிடம் கேட்பது "வந்துட்டோமா?" என்பது மட்டும்.

அலுவலகத்தில் பிரிவுத் தலைமையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அவள் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டது போலவே ஏற்றுக்கொண்டாள். லென்ஸை மறுபடி கணக்கிட்டாள். இந்த முறை இரண்டு வகைக் கண்ணாடி போதவில்லை, மூன்றாவது ஒன்று தேவைப்பட்டது. வந்து இறங்கிய ஒவ்வொரு கண்ணாடித் தொகுதியையும் அளந்து பார்த்து, அந்த அளவுக்கே வளைவுகளை மாற்றினாள். ஐந்து மாதம் என்று நினைத்தது ஏழு மாதம் ஆனது. கேமரா கொஞ்சம் கனத்தது. ஓரத்தில் இன்னும் ஒரு மயிரிழை அளவு ஊதா இருக்கிறது. அதை யாரும் அழிப்பதில்லை. எங்கே, எவ்வளவு இருக்கும் என்பதைக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கிறார்கள். ஸஹானா இப்போது அவளிடம் எதையும் வாயால் கேட்பதில்லை. எல்லாக் கேள்வியும் எழுத்தில் வரும். ஸ்ரீலக்ஷ்மி எல்லாவற்றுக்கும் எழுத்தில் பதில் சொல்கிறாள். "நேரமில்லை" என்று ஒரு தடவைகூட எழுதியதில்லை.

கூட்டங்களில் பேச அவளை இப்போதும் கூப்பிடுகிறார்கள். வெளியே இந்த விஷயம் பலருக்குத் தெரியாது. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுகிறாள். அதுவும் பொய்தான் என்பது தெரிந்தே சொல்கிறாள்.

ஆரோக்கியமேரியின் இடது கண் தப்பித்தது. வலது கண்ணில் விரல் எண்ணும் அளவுக்குப் பார்வை திரும்பியிருக்கிறது, அதற்கு மேல் வராது என்று ஃபராஸ் சொல்லிவிட்டார்.

ஆறாவது ஊசியின்போது மருத்துவமனையில் புதிய நர்ஸ் ஒருத்தி இருந்தாள். துணைக்கு வந்தவர் பெயரையும் உறவையும் படிவத்தில் எழுத வேண்டும் என்றாள். ஸ்ரீலக்ஷ்மி பெயரைச் சொன்னாள்.

"நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?"

ஸ்ரீலக்ஷ்மி படிவத்தைப் பார்த்தபடி நின்றாள். நர்ஸின் பேனா காகிதத்தின் மேல் காத்திருந்தது.

"தெரிஞ்சவங்கன்னு எழுதிக்கம்மா" என்றாள் நாற்காலியிலிருந்து ஆரோக்கியமேரி. "இவங்கள எனக்கு நல்லாவே தெரியும்."

நர்ஸ் அப்படியே எழுதிப் படிவத்தைத் திருப்பி வைத்தாள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினாள். ஸ்ரீலக்ஷ்மி போட்டாள்.